ரெண்டு லட்சம் கூடப் போட்டுக்குங்க

ஆஸ்பத்திரியில் நோயைச் சொல்பவர் டாக்டர், செலவைச் சொல்பவள் நான். கும்பிடு அவருக்கு, முறைப்பு எனக்கு. தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் எஸ்டிமேட் கவுண்டரில் பன்னிரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். பேங்க், ரேஷன் கடை, ரயில்வே என்று கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பேச்சு வாங்கும் உங்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

குறைந்துபோன விலை

தங்கராசு ஒரத்தநாட்டுப் பக்கம் விவசாயி. இதயத்தில் மூன்று அடைப்பு. ஒரு வாரத்துக்குள் பைபாஸ் செய்தாக வேண்டும், வியாழக்கிழமை ஆபரேஷன் தியேட்டர் காலி என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்று லட்சம் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அந்தத் தாளை அமெரிக்காவில் இருக்கும் மகன் குமாருக்கு வீடியோ காலில் காட்டினார்.

வழக்கமாக இந்த இடத்தில் குறைக்கச் சொல்வார்கள். குமாருக்கோ விலை குறைவாக இருந்ததுதான் பயம். அங்கே இந்த ஆபரேஷனுக்கு ஆகும் தொகையில் ஒரத்தநாட்டில் மாடி வீடே கட்டலாமாம். அங்கே நர்ஸ் சம்பளம், இன்சூரன்ஸ் கம்பெனி, கேஸ் வந்தால் வக்கீல் எல்லாம் பில்லில் ஏறும், இங்கே அதெல்லாம் குறைவு என்று விளக்கினேன். என் சம்பளத்தைச் சொல்லியிருந்தால் உடனே புரிந்திருக்கும். சொல்லவில்லை.

"மேடம், ரெண்டு லட்சம் கூடப் போட்டுக்குங்க. ஆனா நல்லதாப் பண்ணுங்க."

குவைத் டாக்டர்

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு அடுத்து நின்றவர் நாகூர்ப் பக்கத்து பஷீர் பாய். குவைத்தில் மளிகைக் கடை. குடலிறக்க ஆபரேஷனுக்காக ஒரு மாத லீவில் வந்திருந்தார். விமான டிக்கெட்டைச் சேர்த்தாலும் இங்கே மிச்சம் என்றார்.

தங்கராசு அவரிடம், "அங்க டாக்டருங்க நல்லாப் பாப்பாங்களா?" என்று விசாரித்தார்.

"எங்க டாக்டரு நம்ம கும்பகோணத்துக்காரர்தாங்க, தங்கமானவரு. அவருக்கே குடலிறக்கம் வந்தப்ப, லீவு போட்டு ஊருக்கு வந்துதான் பண்ணிக்கிட்டாராம்."

அறுப்பு மிஷின்

தங்கராசு சிரித்தார், ஆனால் கையெழுத்துப் போடாமல் போய்விட்டார். புதன்கிழமை மறுபடி வந்தபோது நாலு படி ஏறியதற்கே மூச்சு வாங்கியது. குமார் இன்னமும் அமெரிக்காவிலிருந்தே சென்னை ஆஸ்பத்திரிகளில் விலை விசாரித்துக்கொண்டிருந்தார். எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. சாயங்காலத்துக்குள் கையெழுத்து வராவிட்டால் தியேட்டரை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

தங்கராசு போனில் தெரிந்த மகனைப் பார்த்துச் சொன்னார்: "அறுப்பு மிஷின் ஒண்ணுதாண்டா. வெயில் அடிச்சா ஒரு வாடகை, மழை மூட்டம் போட்டா ஒரு வாடகை. வாடகை ஏறுனா நெல்லு கூடவா காணும்?"

குமார் அதை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார். "உங்க அப்பாவா இருந்தா இங்க சேர்ப்பீங்களா, மேடம்?"

ஆமாம் என்று சொல்லத்தான் எனக்குச் சம்பளம். நடந்ததைச் சொன்னேன். "எங்க அப்பாவுக்குப் போன வருஷம் இதே பைபாஸ்தாங்க. அரசாங்க ஆஸ்பத்திரியில, காப்பீட்டு அட்டையில பண்ணினோம். எங்க கைக்காசு ஒண்ணும் ஆகலை. அவருக்கு அவசரம் இல்லாததால முறை வர்ற வரைக்கும் காத்திருந்தோம்."

மூன்று லட்சத்தையே நம்பாத குமார், "காசே இல்லாமலா?" என்றார். தங்கராசுதான் கேட்டார்: "அப்பா இப்ப எப்படிம்மா இருக்காரு?"

"இன்னிக்குக் காலையில மாட்டுக்குப் புல் அறுத்துப் போட்டாருங்க."

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"அப்புறம் என்னம்மா, பேனாவைக் குடு."

வியாழக்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒரே நெஞ்சுக்கு நாட்டுக்கொரு விலை ஏன் என்று பன்னிரண்டு வருஷமாக விளக்கிக்கொண்டிருக்கிறேன்; ஆபரேஷன் பண்ணிக்கொண்டவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டவர் இதுவரை ஒரே ஒருத்தர்தான்.