சுருட்டு டின்னில் பூச்சி உருண்டை

என் கணவர் சுருட்டை வாங்கியவுடன் குடிக்கமாட்டார். பிஸ்கட் டின்னில் அடுக்கி, ஆறு மாதம் வைத்திருந்துதான் எடுப்பார். ஒருநாள் பார்த்தபோது இரண்டு சுருட்டை வண்டு துளைத்திருந்தது. அவரிடம் சொல்லாமல், அலுமாரியில் கூறைச்சேலைக்கு வைத்திருந்த பூச்சி உருண்டைகளில் நாலை டின்னுக்குள் போட்டு மூடினேன்.

மறுமாதம் பருத்தித்துறையிலிருந்து அவருடைய தமையனார் வந்தார். அந்த டின்னிலிருந்து ஒரு சுருட்டை எடுத்து வாயில் வைத்து நெருப்புக்குச்சியைக் கிழித்தவர், அப்படியே நிறுத்தினார்.

"இதென்ன பிள்ளை, கூறைச்சீலை மணக்குது?"

உண்மையைச் சொன்னேன்.

"நல்ல காலம், பத்தவைக்கேல்லை. உது நஞ்செல்லோ," என்று குச்சியை ஊதி அணைத்தார். சுருட்டு முழுவதையும் வேலியோரம் புதைத்தேன்.

இப்போது சுருட்டுக்குக் காய்ந்த வேப்பிலைதான். எந்தப் பெட்டியை மூடும்போதும், உள்ளே இருப்பது உடுக்கவா, வாயில் வைக்கவா என்று ஒருதரம் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.