வண்டிப்பாதை வழியாக நான்கு நாடுகள்

2007ஆம் வருஷம், ஜூலை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை ஏழு பத்துக்கு அணுபுரத்தில் ஷேர் ஆட்டோ ஏறினேன். திருக்கழுக்குன்றம் வரை ஐந்து ரூபாய். அங்கிருந்து பஸ்ஸில் செங்கல்பட்டு, பதினான்கு கிலோமீட்டர், இன்னொரு ஐந்து ரூபாய். பத்து ரூபாயில் முடிகிற பயணத்துக்கா கட்டுரை என்று கேட்பீர்கள். அன்று சாயங்காலத்துக்குள் நான்கு நாடு பார்த்துவிட்டேன். ஒன்றுக்கும் விசா கேட்கவில்லை.

என்னை இழுத்துக்கொண்டு போனவர் கஸ்தூரி. மாமல்லபுரத்துக்குத் தெற்கே நான்கு கிலோமீட்டரில் ஒரு மீனவர் குப்பம். அங்கிருந்து தினமும் அன்னக்கூடையில் மீன் கொண்டுவந்து எங்கள் அணுபுரம் குடியிருப்பில் விற்பவர். நான் விருதுநகர்ப் பக்கத்து வறண்ட ஊர்க்காரன். மீன் விஷயத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் கஸ்தூரி சொன்னதுதான். அதில் பாதி, விற்பதற்காகச் சொன்னது என்று பிறகு தெரிந்தது.

குப்பத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு நேராக ஒரு வண்டிப்பாதை உண்டு. முந்நூறு மீட்டர்தான். ஆறரை மணி பஸ்ஸைப் பிடித்தால் ஏழேகாலுக்குள் எங்கள் வாசலில் மீன் வந்துவிடும். சித்திரை மாதத்தில் ஒரு கடற்கரை விடுதிக்காரர் அந்தப் பாதையின் குறுக்கே கம்பி வேலியும் கேட்டும் போட்டுவிட்டார். அதிலிருந்து கஸ்தூரி கூடையோடு மணலில் இரண்டு கிலோமீட்டர் சுற்ற வேண்டும். ஆறரை பஸ் போய்விடும். அடுத்த பஸ்ஸில் வருவதற்குள் நாங்கள் சைக்கிள் மீன்காரரிடம் வாங்கி, குழம்பே வைத்திருப்போம். ஆறுமாதம் இப்படியே போனால் தொழிலை விட்டுவிட வேண்டியதுதான் என்றார்.

அவர் சும்மா இருக்கவில்லை. மூன்று மனு கொடுத்திருந்தார். மூன்றுக்கும் பதில் இல்லை. இதை அவர் என்னிடம் சொன்ன நேரம் கெட்ட நேரம். சிங்கப்பூரில் ரோடு எப்படி இருக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரருக்கு நான் விளக்கிக்கொண்டிருந்தேன். சிங்கப்பூரில் நான் இருந்தது ஒன்பது நாள், மச்சினன் வீட்டில், 1998இல். அதைப் பற்றிப் பேசுவது ஒன்பது வருஷமாக.

கஸ்தூரி கூடையை இறக்கினார். "இன்னா சாரு, ஊரு உலகமெல்லாம் பாத்துகினு வந்தேன்றியே. எனுக்கு ஒரு பேப்பர் எழுதித் தர முடியுமா உன்னால?"

பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். "தகவல் உரிமைச் சட்டம்னு ஒண்ணு வந்திருக்கு. அந்தப் பாதை சர்க்கார் வரைபடத்தில் இருக்கிறதா என்று நகல் கேட்கலாம். காரணம்கூடச் சொல்ல வேண்டாம்" என்று முழங்கிவிட்டேன். நான் மத்திய அரசு குமாஸ்தா. முழங்கிய பிறகுதான் அது ஞாபகம் வந்தது.

காலை 7.10. ஷேர் ஆட்டோ.

ஓட்டியவர் ஏழுமலை. கடலை விட்டுத் தள்ளியிருக்கும் கிராமத்து விவசாயக் குடும்பம்; நான்கு வருஷம் சவுதியில் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பியவர். கஸ்தூரிக்குப் பழக்கம்.

"எங்கக்கா, கூடை இல்லாம கெளம்பிட்ட?"

"மனு குடுக்க."

"அங்க நானும் குடுத்தேன்க்கா. தங்கச்சி கல்யாணத்துக்கு வரணும், பாஸ்போர்ட்டக் குடுன்னு. மொதலாளி அதப் பெட்டியில வெச்சிப் பூட்டிகினு இருந்தான். தங்கச்சிக்குக் கொழந்தை பொறந்தப்புறம்தான் குடுத்தான்."

"எங்கயாச்சும் போயி கேக்கறதுதானே?"

"யார்கிட்ட கேக்கறது? நாம அந்த ஊரு ஆளு இல்லியே. அந்த ஊரு ஆளுங்களே பாத்துத்தான் பேசுவாங்க."

"இங்க நாம இந்த ஊரு ஆளுதான். மூணு தடவ கேட்டாச்சி. அதே பேஜாருதான்."

ஏழுமலை திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எதிரே லாரி வந்துகொண்டிருந்ததால் நான் சிரிக்கவில்லை. "ஆனா ஒண்ணுக்கா. இங்க நாலாவது தடவ கேட்டா பிளேன்ல ஏத்தி அனுப்ப மாட்டாங்க. அங்க ரெண்டாவதுக்கே டிக்கெட்டு."

என் பங்குக்குச் சிங்கப்பூரை எடுத்துவிட்டேன். நடைபாதை கண்ணாடி மாதிரி இருக்கும், யாரும் மறிக்க முடியாது என்றேன். கஸ்தூரி கேட்டார்: "மறிச்சா, நாலு பேரா போயி நின்னு கத்தலாமா?"

மச்சினன் அன்று சொன்னது நினைவுக்கு வந்தது. கூட்டமாக நின்று கோஷம் போடப் போலீசில் அனுமதி வாங்க வேண்டும். சர்க்கார் கட்டித் தந்த பதினோராம் மாடி வீட்டில் உட்கார்ந்துகொண்டு, சர்க்காரைக் குறை சொல்லும்போது மட்டும் அவன் ஜன்னலைச் சாத்துவான். ஒன்பது வருஷமாக இந்த ஜன்னலை நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்று சொன்னேன்.

"அப்ப ரோடு நல்லா கீது, வாயிதான் நல்லா இல்ல" என்றார் கஸ்தூரி.

காலை 10.05. செங்கல்பட்டு.

நாங்கள் போன அலுவலகத்தின் பெயர் வேண்டாம். நான் இன்னும் சம்பளம் வாங்குகிறவன். வாசலில் பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ வில்லை வாங்கி, முந்தின இரவு மூன்று மணி நேரம் பாடுபட்டு எழுதிய விண்ணப்பத்தில் ஒட்டினேன். ஒன்றரைப் பக்கம். கடைசியில் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தேன். அந்த இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் இன்கிரிமென்ட் கண்ணில் தெரிந்தது.

மேஜைக்காரர் கண்ணாடி போட்ட, களைத்த மனிதர். முதல் நான்கு வரி படித்தார். பக்கத்திலிருந்த தட்டில் போட்டுவிட்டு, "ஆச்சு, போகலாம்" என்றார்.

தட்டில் ஒரு முழ உயரத்துக்குக் காகிதம். கஸ்தூரி குனிந்து பார்த்தார். மேலிருந்து நான்காவது காகிதத்தை விரலால் நெம்பி எடுத்தார்.

"சாரு, இது என்னுது. போன மாசம் குடுத்தது. தோ பாரு செதிலு."

ஆமாம். மூலையில் ஒரு மீன் செதில் ஒட்டிக்கொண்டு ரூபாய் நாணயம் போலப் பளபளத்தது.

"சார், இது தகவல் உரிமை விண்ணப்பம்" என்றேன், கூடிய மட்டும் மெல்லிய குரலில்.

அவர் என் காகிதத்தைத் திரும்ப எடுத்துப் பேனாவால் எண்ணினார். "பணிவுடன், பணிவுடன், தாழ்மையுடன், கருணை கூர்ந்து, பணிவுடன், ஏழை மீனவர் துயர் துடைத்து, தங்கள் பொற்பாதம்... சார், இதுல வரைபடம் எங்க கேட்டிருக்கீங்க?"

இரண்டாம் பக்கத்தில் கேட்டிருந்தேன். 'வரைபடம் என ஒன்று இருக்குமேயானால் அதன் நகலையும்' என்று.

"கருணை கேட்டா கருணைத் தட்டுக்குத்தான் போகும். அது என் தப்பில்ல. உங்களுக்கு வேண்டியது நகல். நகலக் கேளுங்க. நேரா."

இருபத்திரண்டு வருஷம் அலுவலகத்தில் குப்பை கொட்டியவன் நான். என்னிடம் வரும் மனுக்களில் 'பணிவுடன்' இல்லை என்றால் எனக்கே ஒரு மாதிரி இருக்கும். அந்தப் பழக்கத்தில், கேட்க உரிமை இருப்பதையும் காலில் விழுந்து கேட்டு வைத்திருந்தேன். மூன்று மனு தவறியதற்கு மனு எழுதியவர்களைக் குறை சொல்லிக்கொண்டு வந்த ஆள் நான்.

வாசலுக்குப் போய் இன்னொரு வில்லை வாங்கி, புதிதாக எழுதினேன். குப்பத்திலிருந்து ரோட்டுக்குப் போகும் பாதையின் சர்வே எண், அதன் புலப்பட நகல் தேவை, கட்டணம் ஒட்டப்பட்டுள்ளது. மூன்றே வரி. துணி இல்லாமல் தெருவில் நிற்பது போல இருந்தது.

"எதுக்கு இந்த மேப்பு?" என்றார் மேஜைக்காரர்.

நான் விளக்க வாய் திறந்தேன். கஸ்தூரி முந்திக்கொண்டார். "காரணம் கேக்கக் கூடாதுன்னு இவுருதான் சொன்னாரு."

அவர் சிரித்துவிட்டார். "கேக்கக் கூடாதுதாம்மா. பழக்கம். வாயில வந்துடுச்சு. யாரு கையெழுத்து?"

பேனா மக்கர் பண்ணுகிறது என்றேன். உதறிப் பார்த்தேன். பேனா நல்ல பேனா. கஸ்தூரி அதையும் என் முகத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, பேனாவைப் பிடுங்கி, மேஜை மேல் முழங்கையை ஊன்றி, 'க. கஸ்தூரி' என்று கொட்டை எழுத்தில் போட்டார். "என் வழி. நான் போடறேன்." ரசீது வந்தது. முப்பது நாளுக்குள் பதில் என்றார்கள்.

மதியம் 1.40. மாமல்லபுரம் பஸ், இருபத்தொன்பது கிலோமீட்டர், ஒன்பது ரூபாய்.

வேலி எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போ என்றார் கஸ்தூரி. எங்கள் சீட்டில் மூன்றாவதாக, ரயில்விட்டு இறங்கிய ஒரு வெள்ளைக்காரர் முதுகுமூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். லார்ஸ் என்று பெயர், சுவீடன். என் ஆங்கிலத்தை அவர் பொறுத்துக்கொண்டார். எங்கே போய் வருகிறீர்கள் என்று கேட்டதற்கு ரசீதைக் காட்டினேன். அவர் சொன்னதை நான் தமிழில் சொல்லச் சொல்ல, கஸ்தூரி ஏதோ கதை கேட்பது போலக் கேட்டார்.

அவர்கள் நாட்டில் யாருடைய காட்டு வழியாகவும் யாரும் நடக்கலாமாம். பழம் பறிக்கலாம். ஓர் இரவு கூடாரம் போட்டுக்கூடத் தூங்கலாம். வீட்டு முற்றத்தை மிதிக்கக் கூடாது, எதையும் நாசம் பண்ணக் கூடாது, அவ்வளவுதான். சர்க்கார் அலுவலகத்தில் காகிதம் கேட்டால், காரணம் மட்டுமல்ல, பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

"கையெழுத்தே வாணாமா?" என்று கஸ்தூரி என்னைப் பார்த்தார். "சாரு, நீ அங்க பொறந்துருக்கணும்."

"கடலோரத்தை அங்கே யாரும் அடைக்க மாட்டார்களா?" என்று கேட்டேன்.

"ஆசைப்படுவார்கள். என் படித்துறை என்பார்கள், என் தோட்டம் என்பார்கள். சண்டை போட்டுத்தான் நிறுத்துகிறோம்" என்றார் லார்ஸ்.

மாலை 3.30. வேலி.

தங்கும் இடத்துக்கு அப்புறம் போகிறேன் என்று லார்ஸும் கூட வந்தார். ஆறடிக் கம்பி வேலி, பச்சை பெயின்ட் அடித்த கேட், நீலச் சட்டைக் காவலாளி. லார்ஸ் முன்னால் நடந்தார். காவலாளி எழுந்து சல்யூட் அடித்து, கேட்டைத் திறந்து, "வெல்கம் சார்" என்றார். எந்த அறை, என்ன பெயர், ஒரு கேள்வி இல்லை. பின்னால் கஸ்தூரி காலை வைத்ததும் கை குறுக்கே வந்தது.

"யக்கா, நீ சுத்திப் போ."

"நைனா, இந்தப் பக்கம்தான் என் வூடு."

"தெரியும்க்கா. என் வேலைக்கு வேட்டு வெக்காத."

என் சட்டைப்பையில் பேனாவைப் பார்த்து அவருக்குக் குழப்பம். "சார் கெஸ்ட்டா?" ஆமாம் என்ற சொல் என் நாக்கின் நுனி வரை வந்து நின்றது. நல்லவேளை, கஸ்தூரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே இருபது அடி போயிருந்த லார்ஸ் திரும்பி வெளியே வந்தார். மூட்டையைச் சரிசெய்துகொண்டு, எங்களோடு மணலில் இரண்டு கிலோமீட்டர் சுற்றினார். பாதி வழியில் மூச்சு வாங்க நின்று என்னிடம் சொன்னார்: "எங்கள் ஊரில் நான் யாரோ ஒருவன் என்பதால் விடுவார்கள். இங்கே நான் யாரோ பெரிய ஆள் என்று நினைத்து உள்ளே விடுகிறார்கள்."

கஸ்தூரிக்கு மொழிபெயர்த்தேன். "நான் பெரிய ஆளாக வாணாம். நடந்தா போதும்" என்றார்.

குப்பத்தில் டீ குடித்துவிட்டு, ஐந்தரைக்குத் திரும்பும் பஸ் பிடித்தேன். சிங்கப்பூரில் வழி உண்டு, நின்று கத்த முடியாது. சவுதியில் ஏழுமலைக்கு இரண்டும் இல்லை. சுவீடனில் இரண்டும் உண்டு, அதுவும் சண்டை போட்டுக் காப்பாற்றியது. நம் நாட்டில் எல்லாம் ஒரு காகிதத்தில் இருக்கிறது. அந்தக் காகிதம் எந்தத் தட்டில் கிடக்கிறது என்று போய்ப் பார்க்க ஆள் வேண்டும். இப்படி ஒரு பெரிய முடிவுக்கு வந்து, அந்தப் பெருமிதத்தில் இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டு, ஒரு கிலோமீட்டர் நடந்து வீட்டுக்கு வந்தேன்.

இருபத்தேழாம் நாள் கஸ்தூரி கூடையோடு உறையையும் கொண்டுவந்தார். புலப்படத்தில் ரோட்டிலிருந்து கடல் வரை இரட்டைப் புள்ளிக்கோடு. பக்கத்தில் சின்ன எழுத்தில்: வண்டிப்பாதை, சர்க்கார் புறம்போக்கு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் வேலிக்குப் போனோம். காவலாளி போன் பண்ண, மேனேஜர் வந்தார். படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "சரிம்மா, காலையில அஞ்சிலேருந்து எட்டு வரைக்கும் கேட்டத் திறந்து வைக்கச் சொல்றேன்" என்றார்.

"ரொம்ப நன்றி சார்" என்றது நான்தான்.

கஸ்தூரி நன்றி சொல்லவில்லை. படத்தை மேனேஜர் முகத்துக்கு நேரே நீட்டினார். "பாதைக்கு டைமு எங்க போட்டுக் கீது?"

மேனேஜர் நிஜமாகவே படத்தில் தேடினார்.

கேட் திறந்துதான் இருந்தது. கஸ்தூரி அதைத் தாண்டி உள்ளே போய், பாதை நடுவில் இடுப்பிலிருந்த காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, என்னைக் கூப்பிட்டு அதன் மேல் உட்கார வைத்தார். "இன்னொரு பேப்பர எடு சாரு. இந்த வேலி போட எவன் பர்மிசன் குடுத்தான், அதுக்கு நகலு வேணும்னு எழுது. பணிவு கிணிவுன்னு ஆரம்பிக்காத."

மூன்று வரி எழுதினேன். அவர் கையெழுத்துப் போடப் பேனாவுக்குக் கையை நீட்டினார்.

"இது என்னுது" என்று சொல்லி, நானே போட்டேன். பேனா மக்கர் பண்ணவில்லை.