ஜெசிந்தா போட்ட கனெக்‌ஷன்

ஜெசிந்தா கடைக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவுல ஒரே சுவரு. அந்தப் பக்கம் அவ தும்முனா இந்தப் பக்கம் நான் 'நூறாயுசு' சொல்லணும், அவ்வளவு மெல்லிசு. அதனால அவளப் பத்தி யாராவது சொல்றதுன்னா நரசிம்மனாகிய நான்தான் சொல்லணும். அவ புருசன் ஏசுபாதத்துக்குக்கூட என்னளவுக்குத் தெரியாது. பாவம், கம்பெனி பஸ் ஓட்டற மனுசன். பாதி வாழ்க்கை ஸ்டியரிங்குலயே பூடுச்சு.

எங்க கடைங்க சிங்கப்பெருமாள் கோயில்ல, ஜிஎஸ்டி ரோட்டுலேர்ந்து கோயிலுக்குத் திரும்பற தெருவுல கீது. தொண்ணூத்தி ஆறுல 'ஜெசிந்தா வீடியோ கேம்ஸ்'னு அவ போர்டு மாட்டுனா. அதுக்கு முன்னாடி ஏழு வருசம், டிவிக்குள்ள வைக்கற போர்டு செய்யற கம்பெனியில, ஈயத்த உருக்கி ஒட்டற சால்டரிங் வேலை. கம்பெனியை ஒரு நாள் இழுத்து மூடிட்டானுங்க. வேற எவளா இருந்தாலும் தையல் மிஷின் வாங்கியிருப்பா. இவ ரெண்டு டிவி கேமும் ரெண்டு கலர் டிவியும் வாங்கினா.

"பொம்பள வீடியோ கேம் கடையா?"ன்னு தெருவே மூக்குல வெரல் வெச்சுது. நானும்தான் வெச்சேன், பொய் சொல்ல மாட்டேன். "ஏன் அண்ணாத்த, கரண்டு ஆம்பளைக்கு மட்டும்தான் பாயுமா?"ன்னு கேட்டா பாருங்க, அன்னிக்கு மூடுனதுதான் என் வாயி.

அப்பல்லாம் கேம் பொட்டியிலேர்ந்து ஒரே ஒரு ஒயரு. அத டிவியோட ஆன்டெனா ஓட்டைல சொருகி, மூணாவது சேனலைத் திருகித் திருகி டியூன் பண்ணா படம் வரும். கொசு மொய்க்கற மாதிரி வரும். அதுக்கே வரிசையில நின்னாங்க ஜனங்க. முக்கியமா மறைமலை நகர் கம்பெனிங்கள்ல ட்ரெய்னியா இருந்த பசங்க. ஷிப்டு முடிஞ்சி யூனிஃபார்மோட நேரா இங்கதான்.

ரெண்டாயிரத்து மூணுல சிடி போடற பொட்டி வந்துச்சு. அதுல மூணு ஒயரு. மஞ்ச படத்துக்கு, செவப்பும் வெள்ளையும் சத்தத்துக்கு. கொசு பூடுச்சு, படம் பளிச்சுன்னு ஆச்சு. ஆனா புதுசா ஒரு பேஜாரு. தோத்துப் போறவன் எவனும் தன் கைய குத்தம் சொல்ல மாட்டான். "ஒயர் லூசா கீது யக்கா"ன்னு சொல்லிகினே ஒயரைப் புடிச்சி ஆட்டுவான். ஆட்டி ஆட்டி நெசமாவே லூசாப் பூடும்.

அதுக்கு ஜெசிந்தா செஞ்ச வைத்தியம் கருப்பு இன்சுலேஷன் டேப்பு. கனெக்‌ஷன் குடுத்து படம் வந்துச்சா, அடுத்த நிமிசம் பொட்டி பின்னாடி நாலு சுத்து, டிவி பின்னாடி நாலு சுத்து. பிளக்கு எதுன்னே தெரியாது. "கம்பெனில நாங்க செக் பண்ணி சீல் வெச்சா சூப்பர்வைசர்கூட தொட மாட்டாரு"ம்பா. அந்த டேப்பு மேல எவனாவது கை வெச்சா முடிஞ்சான். நல்லவதான், ஆனா வாயி இருக்கே, அப்பப்பா!

அவளுக்கு ஒரு தம்பி, சாமு. கருங்குழிப் பக்கம் கூலிக்கு நடவு நட்ட குடும்பம் அவங்களுது. அம்மா செத்துப் பூட்டப்போ சாமுவுக்குப் பன்னெண்டு வயசு. இவதான் கூட்டியாந்து வளத்தா. பள்ளிக்கூடம், இன்ஜினியரிங் காலேஜு எல்லாம் இந்தக் கடை வருமானம். அவனும் குனிஞ்ச தல நிமிராம படிச்சி சிறுசேரியில சாப்ட்வேர் வேலைக்குப் பூட்டான், அந்தப் பக்கமே ரூம் எடுத்துகினான். ஆபீஸ் கேபு வந்து அவன ஏத்திகினு போறத ஒரு நாள் அவ பாத்துட்டு வந்தா. ஒரு வாரம் அதையே பேசினா. எனக்குக் காது புளிச்சுப் போச்சு.

ரெண்டாயிரத்து ஏழு, ஆகஸ்ட் மாசம், ஒரு ஞாயித்துக்கெழம. சாமு ஒரு வண்டியில ரெண்டு பெரிய அட்டைப் பொட்டியோட வந்து எறங்கினான். ஒண்ணுல முப்பத்திரெண்டு இஞ்ச் எல்சிடி டிவி, தட்டையா, எங்க தெருவுல மொத தடவ. இன்னொண்ணுல புது கேம் பொட்டி, வெள்ளக் கலரு.

"அக்கா, இது ஹெச்டி. நம்ம பழைய டிவிய விட இதுல படம் வரையற கோடு அதிகம். புல்லு புல்லா எண்ணலாம்"னான். அவ மூஞ்சியப் பாக்கணுமே! அழுதுடுவாளோன்னு நெனச்சேன். அதுக்குள்ள அவனுக்குப் போனு. ஆபீஸ்ல எதோ நின்னு பூடுச்சாம், உடனே வரணுமாம். "நான் அடுத்த வாரம் வந்து மாட்றேங்க்கா, அதுவரைக்கும் பிரிக்காத"ன்னு சொல்லிட்டு ஓடிட்டான்.

"எனக்கே கனெக்‌ஷன் சொல்லித்தர வந்துட்டான்"னு சிரிச்சிகினே அன்னிக்கு சாயங்காலமே பிரிச்சிட்டா.

ஒயரைப் பாத்து கொஞ்சம் முழிச்சா. ஒரு பக்கம் பெரிய பிளக்கு, பொட்டில மாட்ட. இந்தப் பக்கம் ஆறு பின்னு. பழைய மஞ்ச, செவப்பு, வெள்ளையோட பச்ச, நீலம், இன்னொரு செவப்பு. சத்தத்துக்குப் பழைய செவப்பு, வெள்ளைய மாட்டிட்டு, படத்துக்கு முதல்ல பச்ச, நீலம், புது செவப்ப மாட்டுனா. சத்தம் வருது, படம் வரல. இருட்டு. கழட்டிட்டு மஞ்சள மாட்டுனா. படம் வந்துருச்சு. "அவ்ளோதான் அண்ணாத்த, மீதி மூணும் வெளிநாட்டுக்காரனுக்கு"ன்னா. டேப்ப எடுத்து பெரிய பிளக்கு மேலயும் சேத்து சுத்தி சீல் வெச்சிட்டா.

மறுநாளே பிரச்சன. கேசவன்னு ஒரு ட்ரெய்னிப் பையன், மொத ஆளா உக்காந்தவன், கண்ண இடுக்கிகினு, "யக்கா, கீழ எழுத்து வருது, எறும்பு ஊர்ற மாதிரி கீது. எதுவும் படிக்க முடியல"ன்னான். மனுசங்க மூஞ்சியெல்லாம் தண்ணில ஊறுன மாதிரி. நாலு நாளுல நாலு பேரு அதையே சொன்னாங்க. ஜெசிந்தா என்ன பண்ணா தெரியுமா? டிவி பக்கத்து டேப்ப மட்டும் பிரிச்சி, அதே பொட்டிய பழைய டிவில மாட்டிப் பாத்தா. பழைய டிவில இத விட நல்லா தெரிஞ்சுது! அப்ப குத்தம் யாருது? புது டிவியோடது. புது டிவி யாரு வாங்கினது?

அடுத்த ஞாயித்துக்கெழம சாமு வந்தான். கடையில ஏழெட்டு பேரு. நான் வாசல்ல நின்னுகினு இருந்தேன்.

"வாடா தம்பி. இன்னா இது, எவன்கிட்ட ஏமாந்தே? டூப்ளிகேட்ட குடுத்து உன் தலைல கட்டிட்டான்"னு ஆரம்பிச்சா.

அவன் டிவியப் பாத்தான். பின்னாடி குனிஞ்சான். "அக்கா, டூப்ளிகேட்டு இல்ல. கேபிள் பிளக்குல சின்னதா ஒரு..."

"கேபிள எனக்குச் சொல்றியா நீ? ஏழு வருசம் சால்டர் புடிச்ச கை இது."

"இல்லக்கா, அதுல ஒரு சுவிட்சு..."ன்னு டேப்பு மேல கைய வெச்சான். பட்டுன்னு அந்தக் கைல ஒரு அடி போட்டா. ட்ரெய்னிப் பசங்க சிரிச்சிட்டானுங்க. நானும்தான் சிரிச்சேன்.

"அக்கா, ஒரு நிமிசம் நான் சொல்றத..."

"இன்னாத்த சொல்லுவே? அஞ்சு வயசுப் புள்ளைகூட கடைக்காரன் கைல ஏமாறாது. உன்ன படிக்க வெச்சதுக்கு ரெண்டு எருமை வாங்கி மேய்ச்சிருக்கலாம் நானு!"

 சாமு அடிபட்ட கைய இன்னொரு கையால புடிச்சிகினு நின்னான். அவன் வயசுப் பசங்க முன்னாடி. அப்பறம் செருப்பப் போட்டுகினு பூட்டான்.

அவ்ளோதான். அந்த கிறிஸ்துமசுக்கு வரல, ஈஸ்டருக்கு வரல. இருந்த ரூமையும் விட்டுட்டு மாமல்லபுரத்துகிட்ட பூஞ்சேரியில வூடு பாத்துகினு பூட்டான். ஆபீஸ் வண்டி அங்கேர்ந்தும் வருதாம். ஏசுபாதம் போன் பண்ணா பேசுவான், அக்கா எப்டி கீதுன்னு கேப்பான், இவகிட்ட குடுக்கறேன்னா வேல கீதுன்னு வெச்சிடுவான். இவளும் லேசுப்பட்டவளா? "வந்தா வரட்டும், வராட்டி போட்டும்"னு சத்தமா சொல்லுவா. அப்பறம் சுவத்துக்கு அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சற சத்தம் எனக்குக் கேக்கும். புது டிவி மேலயும் பொட்டி மேலயும் பழைய பெட்ஷீட்ட போத்தி மூலைல தள்ளிட்டா. ஒயரக்கூட கழட்டல.

அடுத்த வருசம் நவம்பர்ல கூரியர்ல ஒரு பத்திரிகை வந்துச்சு. சாமுவுக்குக் கல்யாணம். பொண்ணு பேரு ஜெபா, கூட வேல செய்யறவ. கூடப் பொறந்தவளுக்கு, பெத்தவ மாதிரி வளத்தவளுக்கு, கூரியர்ல பத்திரிகை! கையெழுத்துப் போட்டு வாங்கினா, பிரிச்சா, படிச்சா, மேசை டிராயருல போட்டா. "நான் போவல"ன்னா. ஏசுபாதம் கெஞ்சினாரு. நானும் சொல்லிப் பாத்தேன். "போவலன்னா போவல"ன்னுட்டா.

அந்த மாசக் கடைசில புயல் மழ. மூணு நாளு விடாம அடிச்சுது. அவ கடை மூலைல ஓட்டு வழியா தண்ணி எறங்கி, பெட்ஷீட்டெல்லாம் சொட்டச் சொட்ட நனஞ்சி பூடுச்சு. மழ விட்ட அன்னிக்குக் காலைல ரெண்டு பேருமா சேந்து டிவியத் தூக்கி வெயில்ல வெச்சோம். பொட்டி மட்டும் டிவிக்கு அடியில இருந்ததால தப்பிச்சுது. பிளக்குல ஈரம் கீதான்னு பாக்கணும்னு ஜெசிந்தா பிளேடு வெச்சி அந்தக் கருப்பு டேப்பக் கிழிச்சா. பொட்டி பக்கத்து டேப்ப அவ கிழிச்சி அன்னிக்குத்தான் பாத்தேன்.

கிழிச்சிகினே வந்தவ அப்டியே நின்னுட்டா. பெரிய பிளக்குக்குக் கீழ, நகக்கண்ணு அளவுக்கு ஒரு சுவிட்சு. ஒரு பக்கம் டிவின்னு எழுதியிருக்குது. இன்னொரு பக்கம் ஹெச்டிடிவின்னு. சுவிட்சு டிவி பக்கம் நிக்குது.

"அண்ணாத்த"ன்னா.

உச்சி வெயில் வரைக்கும் காய வெச்சோம். அப்பறம் உள்ள கொண்டு போயி, மஞ்சளக் கழட்டிட்டு பச்ச, நீலம், செவப்ப மாட்டுனா. அந்த சுவிட்ச ஹெச்டிடிவி பக்கம் தள்ளினா. செட்டிங்குல போயி எழுநூத்தி இருபது கோடுன்னு இருந்தத அமுக்கினா. கால்பந்து கேமு. ஐயோ, இன்னா படம் அது! ஆட்டக்காரன் சட்டைல நம்பரு தெரியுது, மூஞ்சில வேர்வ தெரியுது, கீழ எழுத்து ஒவ்வொண்ணும் அச்சடிச்ச மாதிரி. அவன் சொன்னானே புல்லு புல்லா எண்ணலாம்னு, எண்ணலாம்தான்.

ஜெசிந்தா பாத்துகினே இருந்தா. அப்பறம் தரையில உக்காந்து முந்தானைய வாயில அடைச்சிகினு அழுதா. "நான்தான் கட்டிப் போட்டேன். அவன் வாங்கினது நல்ல பொருளுதான். நான்தான் நாலு சுத்து சுத்தி மூடிட்டேன். புள்ளைய அடிச்சேனே அண்ணாத்த, எல்லாரும் பாக்க அடிச்சேனே!"

எனக்கும் சுருக்குன்னுச்சு. அவன் சுவிட்சுன்னு சொன்னத நான் காதால கேட்டவன். கேட்டும் பல்லக் காட்டிகினு நின்னேன். ஒரு வார்த்த, 'அவன் இன்னா சொல்றான்னு கேளேன் ஜெசிந்தா'ன்னு சொல்லியிருந்தா ஒரு வருசம் மிச்சமாயிருக்கும்.

அடுத்த ஞாயித்துக்கெழம ஏசுபாதத்துக்கு டூட்டி. "நீ வா அண்ணாத்த, தனியாப் போனா நடுவுல எறங்கித் திரும்பிடுவேன்"னா. செங்கல்பட்டு போயி, அங்கேர்ந்து திருக்கழுக்குன்றம் வழியா மாமல்லபுரம் பஸ்சு. வழி நெடுக இன்னா பேசறதுன்னு ஒத்திகை பாத்துகினே வந்தா. பத்து விதமா பாத்தா. எல்லாத்துலயும் கடைசில அவனையே திட்டி முடிச்சா.

பூஞ்சேரியில மாடி வூடு. சாமு கதவத் தொறந்தான், அக்காவப் பாத்தான், ஒதுங்கி வழி உட்டான். எளச்சிருந்தான்.

உள்ள போயி நின்னதும் இவ, "சுவிட்சு இருந்துச்சுடா. டேப்புக்குள்ள"ன்னா. ஒத்திகை பாத்த ஒண்ணும் வரல.

"தெரியும்க்கா."

"தெரியுமா? அப்ப ஏண்டா சொல்லல?"

"மூணு தபா சொன்னேன்."

"சொன்னான், நானும் கேட்டேன்"னு நான் சொன்னேன். ஜெசிந்தா என்னத் திரும்பிப் பாத்தா. திட்டுவான்னு நெனச்சேன், திட்டல.

"பத்திரிகைய ஏண்டா கூரியர்ல அனுப்பினே?"

"நேர்ல வந்தா நான் ஆரம்பிக்கறதுக்குள்ள நீ முடிச்சிடுவே. காலேஜுல எந்த குரூப்புன்னு நீதான் முடிவு பண்ணே. எந்த வேலைன்னு நீதான். ஜெபாவப் பத்தி ரெண்டு வருசமா உன்கிட்ட சொல்லணும்னு வந்து வந்து திரும்பியிருக்கேன். உன்ன எனக்குப் புடிக்காம இல்லக்கா. உன் முன்னாடி எனக்கு வாயே வராது."

வேற நாளா இருந்தா இந்த எடத்துல அவ பொங்கியிருப்பா. 'உனக்காக நான் பட்ட பாடு'ன்னு ஆரம்பிச்சா வெளக்கு வைக்கற வரைக்கும் ஓயாது. தொண்டைல அது வந்து நின்னத நான் பாத்தேன். முழுங்கிட்டா. "சரி. நீ சொல்லு, நான் பேசல"ன்னு நாற்காலில உக்காந்தா.

அவன் சொன்னான். முக்கா மணி நேரம் சொன்னான். அவ கண்ணுல தண்ணி வந்துகினே இருக்குது, தொடைக்கவும் இல்ல, குறுக்க பேசவும் இல்ல.

கடைசியா சாமு குரல் எறங்கிப் போச்சு. "கல்யாணத்தன்னிக்கு வூட்டுலேர்ந்து சர்ச்சுக்குக் கெளம்பும்போது, மாப்ள நெத்தியில அம்மா சிலுவை போட்டு அனுப்பணும். அம்மா எடத்துல யாருன்னு ஊர்லேர்ந்து பெரியப்பா கேட்டுகினே இருக்காரு. நான் இன்னும் யார் பேரையும் சொல்லலக்கா"ன்னான்.

கல்யாணத்துக்கு இன்னும் மூணு வாரம் கீது. அதையெல்லாம் ஜெசிந்தா பாக்கல. எழுந்து அவன் கிட்ட போனா, எக்கி நின்னு, சால்டர் சுட்ட தழும்பு கீற கட்ட வெரலால அவன் நெத்தியில மெதுவா சிலுவை போட்டா.