கீழே வந்து நின்றது

காத்தவராயனுக்கு ரயில் வருவது காதுக்குத் தெரியும் முன்பே முதுகுக்குத் தெரிந்துவிடும். டெல்லியில் சரோஜினி நகர் ஸ்டேஷனைத் தாண்டி, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற குடிசைப் பகுதியில் பாதி ஆயுசைக் கழித்தவர். கூட்ஸ் வண்டி தூரத்தில் திரும்பும்போதே அதன் நடுக்கம் இரும்புக் கட்டிலின் கால் வழியாக ஏறும். பிறகு அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசும். அப்புறம்தான் சத்தம். வண்டி கடந்து போனதும் எல்லாம் அடங்கிவிடும். அங்கே குடியிருக்கிற யாரும் இதை ஒரு விஷயமாக நினைப்பதில்லை.

அவர் மனைவி செங்கம்மாள் எங்கள் குவார்ட்டர்ஸில் சில வீடுகளில் வேலை செய்கிறாள். எங்கள் வீடும், மேல்மாடியில் இருக்கும் என் சிநேகிதி அனந்தலக்ஷ்மியின் வீடும் அதில் சேர்த்தி. நான் இங்கே சொல்வதில் பாதி செங்கம்மாள் சொன்னது, மீதி அனந்தலக்ஷ்மி சொன்னது. காத்தவராயன் அதிகம் பேசுகிறவர் இல்லை.

அவருக்குக் கள்ளக்குறிச்சிப் பக்கம். கட்டட வேலைக்கென்று டெல்லிக்கு வந்தவர், கூட வேலை செய்தவர்களுக்குச் சமைத்துப் போடப் போய், கரண்டியே தொழிலாகிவிட்டது. அனந்தலக்ஷ்மி பூமியை ஆராயும் ஓர் அரசாங்க அலுவலகத்தில் விஞ்ஞானி. எரிமலைகள்தான் அவள் படிப்பு. அவள் சொல்லித்தான் அந்த அலுவலகக் கான்டீனில் அவருக்கு வேலை கிடைத்தது. அங்கே அவருடைய சாம்பாரைச் சாப்பிட்ட பிறகு பஞ்சாபிக்காரர்கள்கூட மத்தியானம் வெளியே போவதை நிறுத்திவிட்டார்கள்.

2024 தொடக்கத்தில் அந்த அலுவலகத்து விஞ்ஞானிகள் ஒரு குழுவாக அந்தமானுக்குக் கிளம்பினார்கள். போர்ட் பிளேருக்கு அப்பால், ஆளில்லாத பாரன் தீவில் ஓர் எரிமலை இருக்கிறது. உயிரோடு இருக்கிற எரிமலை. அங்கே நில அதிர்வுக் கருவி ஒன்றைப் புதைத்துவிட்டு வருவதாகத் திட்டம்.

"கப்பல்ல சமைக்க ஆள் வேணும். போன தடவை வந்தவன் ரெண்டு வேளையும் ராஜ்மாவே போட்டான். நீங்க வரேளா?" என்று அனந்தலக்ஷ்மி கேட்டாள்.

"கப்பலா மேடம்? எனக்கு நீச்சலு தெரியாதே."

"எனக்கும்தான் தெரியாது."

அவர் சிரித்துவிட்டுச் சம்மதித்தார். செங்கம்மாள் தூரத்துக் கடலைப் பற்றியெல்லாம் யோசிக்கவில்லை. அவள் கவலை, ஸ்வெட்டர் வேண்டுமா வேண்டாமா என்பதுதான்.

தீவை அடைந்த அன்று காலையில் கடல் எண்ணெய் தடவினாற்போல் கிடந்தது. ரப்பர் படகில் கரையிறங்கினார்கள். மண் கறுப்பு, மலை கறுப்பு, மலையிலிருந்து கடல்வரை வழிந்து உறைந்த பாறையும் கறுப்பு. விஞ்ஞானிகள் மேலே ஏறிப்போனார்கள். இறங்கி வருகிறவர்களுக்குச் சூடாகச் சோறு வேண்டுமே என்று காத்தவராயன் கரையில் அடுப்பு மூட்டினார்.

மத்தியானம் அவர்கள் சீக்கிரமே திரும்பினார்கள். ஒருவருக்குக் கால் பிசகியிருந்தது. அலையும் எழ ஆரம்பித்திருந்தது. அடிபட்டவரையும் மற்றவர்களையும் முதலில் கப்பலில் விட்டுவிட்டு, பாத்திரத்தையும் காத்தவராயனையும் அடுத்த நடையில் ஏற்றிக்கொள்வதென்று முடிவானது. "ஜல்தி வந்துடுவோம், அண்ணா," என்று படகோட்டி சொல்லிவிட்டுப் போனான். படகு போய்ச் சேர்ந்தது. ஆனால் திரும்பி வர அலை விடவில்லை. கப்பலின் மேல்தளத்திலிருந்து கையை அசைத்தார்கள். அங்கேயே இரு என்று அர்த்தம்.

பட்டப்பகல். வெயில் நன்றாக இருந்தது. அவர் பாத்திரங்களைக் கட்டி வைத்துவிட்டு மணலில் உட்கார்ந்தார். மணல் வெதுவெதுப்பாக இருந்தது. வெயில்பட்ட மணல் மேலேதான் சுடும். தோண்டினால் குளிர்ச்சி வரும். அவர் சும்மா விரலால் கிளறிப் பார்த்தார். உள்ளே போகப் போகச் சூடு கூடியது. விரலை எடுத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில், ரயில் வந்தது.

அப்படித்தான் அவர் நினைத்தார். முதுகெலும்பின் அடியில் அதே நடுக்கம். பழக்கத்தில் பக்கத்திலிருந்த டம்ளரைப் பிடித்துக்கொள்ளக் கை நீண்டது. டம்ளரைத் தொட்டபோதுதான் எதிரே கடல் தெரிந்தது. இங்கே ஏது ரயில்?

அது கடல் பக்கமிருந்து வரவில்லை. மலைப் பக்கமிருந்தும் வரவில்லை. ஆழத்திலிருந்து, மேலே, அவரை நோக்கி வந்தது. சத்தம் என்று எதுவும் இல்லை. பல்லில் தெரிந்தது, அடிவயிற்றில் தெரிந்தது. டம்ளர்கள் கிணுகிணுத்தன. நேர் கீழே வந்ததும் நின்றுவிட்டது.

ரயிலென்றால் போக வேண்டும். வந்த நடுக்கம் மறு பக்கமாக இறங்கிப் போக வேண்டும். இது போகவில்லை. அதை அவர் செங்கம்மாளிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தைகளில்: "வந்துச்சு. நின்னுச்சு. போவல."

எழுந்து நின்றார். அப்போதுதான் ஆடுகளைப் பார்த்தார். எந்தக் காலத்திலோ கப்பல்காரர்கள் விட்டுப்போன ஆடுகள் அந்தத் தீவில் பெருகிக் கிடக்கின்றன. காலையில் பாறைகளுக்கு நடுவே மேய்ந்துகொண்டிருந்தவை எல்லாம் இப்போது கடலோரத்துக்கு வந்து, முழங்கால் தண்ணீரில், மலையைப் பார்த்து நின்றன. ஒன்றுகூடக் கத்தவில்லை. அசை போடவும் இல்லை. சும்மா நிற்கிற ஆட்டுக்குக்கூட வாய் ஆடிக்கொண்டிருக்கும். அவற்றின் வாய் ஆடவில்லை.

அவரும் போய்த் தண்ணீரில் நின்றுகொண்டார், ஆடுகளுக்கு நடுவில். அவை விலகவில்லை. மணலில் சின்னச் சின்னக் கீறல்களாக ஆவி கிளம்பியது. தீபாவளிக்கு மறுநாள் தெருவில் அடிக்கிற நாற்றம். செருப்பை மணலிலேயே விட்டிருந்தார். அதன் அடிப்பாகம் இளகி நெளிந்துகொண்டிருந்தது.

என்ன செய்வதென்று தெரியாமல் அவர் பேசினார். யாரிடம் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. "நான் சமையக்காரன்தான். சோறாக்க வந்தேன். போயிடறேன். போயிடறேன்."

பொழுது சாயும் முன்பு அலை கொஞ்சம் தணிந்தது. படகு வந்தது. பாத்திரங்களை எடுக்க அவர் கரையேற மறுத்துவிட்டார். அவரை அப்படியே தண்ணீரிலிருந்து தூக்கிப் படகில் போட்டார்கள். மலை வெடிக்கவில்லை. புகைகூடப் புதிதாக எழும்பவில்லை. கப்பல் திரும்பும்வரை அது அப்படியே இருந்தது.

புதைத்த கருவி அனுப்பியதை அனந்தலக்ஷ்மி கப்பலிலேயே பார்த்தாள்.

"காத்தவராயன், நீங்க சொன்னது நிஜந்தான். அடியில பாறைக் குழம்பு மேல ஏறியிருக்கு. ஏறி நின்னுடுத்து."

"எரிமலைன்னா வெளியதானே வரணும் மேடம்?"

"முக்காவாசி வெளிய வராது. வழியில பாறை விடாது, இல்லேன்னா அதுக்கே வேகம் போயிடும். நின்னு ஆறிக் கல்லாயிடும். சிலது ரொம்ப வருஷம் ஆறாமயே நிக்கும்."

"நின்னுக்கிட்டு என்ன பண்ணும்?"

"காத்திண்டிருக்கும்னு வெச்சுக்கோங்கோ," என்றாள் அவள், சிரித்துக்கொண்டே. அவர் சிரிக்கவில்லை.

டெல்லிக்கு வந்த பிறகு முதலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தீவுக் கதையைக் கேட்கக் குடிசைப் பகுதியே கூடியது. ஒருநாள் ஒரு கூட்ஸ் வண்டி சிக்னல் கிடைக்காமல் அவர்கள் வீட்டுக்கு நேராக நின்றது. அது அடிக்கடி நடப்பதுதான். காத்தவராயன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டை வைத்துவிட்டு வெறுங்காலோடு வெளியே போய்த் தெருக்கோடியில் நின்றார். வண்டி கிளம்பிப் போகும்வரை உள்ளே வரவில்லை.

"என்னாய்யா? ரயில இப்பதான் புதுசாப் பாக்கறியா?" என்றாள் செங்கம்மாள்.

"நின்னுடுச்சு செங்கா."

"சிக்னலு. நிக்காம?"

அப்புறம் நிற்காத வண்டிகளும் அவருக்கு நின்றன. வண்டி போய்விட்டது, டம்ளர்கள் அடங்கிவிட்டன என்று செங்கம்மாள் சொன்னாலும், தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். "இன்னும் போவல," என்பார். கான்டீன் அடித்தளத்தில் இருந்தது. ஜெனரேட்டர் ஓடும்போது தரை லேசாக அதிரும். ஜெனரேட்டரை நிறுத்தினால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு மேலே ஓடிவிடுவார். ஓடுகிறபோது இல்லாத பயம், நிற்கிறபோது. இரண்டு தடவை எண்ணெய் தீப்பிடிக்கப் பார்த்தது. அலுவலகத்தில் நல்ல மாதிரியாகத்தான் சொல்லி வேலையிலிருந்து அனுப்பினார்கள்.

செங்கம்மாள் குழந்தைசாமியைக் கூட்டிவந்தாள். அவர் அந்தப் பகுதி அம்மன் கோயில் பூசாரி. மந்திரிப்பார், கயிறு கட்டுவார். திருநீற்றுத் தட்டோடு உட்கார்ந்து விசாரித்தார்.

"அந்தத் தீவுல யாரு செத்தது?"

"யாரும் சாவல. அங்க ஆளே கெடையாது," என்றார் காத்தவராயன்.

"எப்பவாவது இருந்திருப்பாங்க இல்ல?"

"எப்பவும் இல்லியாம். மேடம் சொன்னாங்க."

குழந்தைசாமி திருநீற்றுத் தட்டைத் துணியால் மூடினார். பிறகு எழுந்தார். "ஆளு செத்து வந்ததுன்னா அதுக்கு ஒரு பேரு இருக்கும். பேரைச் சொல்லிக் கூப்புட்டு அனுப்பிடலாம். யாருமே இல்லாத எடத்துல இருந்து வந்ததுக்கு என்கிட்ட மருந்து இல்லம்மா." கயிறுகூடக் கட்டாமல் போய்விட்டார். செங்கம்மாள் முதல்முதலாகப் பயந்தது அன்றைக்குத்தான்.

2025 பிப்ரவரியில் டெல்லியில் விடிகாலை ஒரு நிலநடுக்கம் வந்ததே, அது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். தௌலா குவான் பக்கம், பூமிக்கு அடியில் அதிக ஆழமில்லாத இடத்தில். ஆட்டத்தைவிட அந்தச் சத்தம்தான் ஜனங்களைக் கலக்கியது. அடியில் எதையோ போட்டு உடைத்த மாதிரி ஒரு முழக்கம். நாங்கள் மாடிப்படியில் விழுந்தடித்து இறங்கினோம். ரயில் பாதைக்கு அந்தப் பக்கமும், "பூகம்ப்! பாஹர் நிக்லோ!" என்று, வெளியே ஓடச் சொல்லி ஒரே கூச்சல். ஜ்வாலாமுகி, அதாவது எரிமலை, வெடித்துவிட்டது என்று யாரோ கத்தினார்களாம்.

செங்கம்மாள் வாசலுக்கு வந்துதான் பக்கத்தில் புருஷன் இல்லை என்று பார்த்தாள். உள்ளே ஓடினாள். காத்தவராயன் ஸ்டவ் முன்னால் குந்தியிருந்தார். டீ கொதித்துக்கொண்டிருந்தது. முகத்தில் கண்ணீர் வழிந்தது.

"எழுந்து வாய்யா! சாவணுமா?"

"போயிடுச்சு செங்கா. சத்தம் போட்டுச்சு, போயிடுச்சு. இந்த மாதிரிதானே போவணும்?"

அவரை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அதற்குப் பிறகு சில மாதம் அவர் நன்றாகவே இருந்தார். சின்னச் சின்னக் கல்யாணங்களுக்குச் சமைக்கப் போனார். தரையில் கை வைக்கவில்லை.

செப்டம்பரில் பாரன் தீவு கக்கியது. பெரிதாக இல்லை. இருந்தாலும் அனந்தலக்ஷ்மிக்குச் சந்தோஷம். அன்று சாயங்காலமே போனை எடுத்துக்கொண்டு ரயில் பாதையைத் தாண்டிப் போனாள். நானும் துணைக்குப் போனேன்.

"வெளிய வந்துடுத்து, காத்தவராயன். பாருங்கோ. இனிமே அங்க ஒண்ணும் நிக்கல."

காத்தவராயன் கட்டிலில் உட்கார்ந்து படத்தைப் பார்த்தார். மலை உச்சியில் செக்கச்செவேலென்று கசிந்து, புகையாக எழுந்தது. முடிந்ததும் மறுபடி போடச் சொல்லிப் பார்த்தார். பிறகு போனைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இது வேற மேடம்."

"வேறன்னா?"

"இது அந்தண்டைப் பக்கமா வந்துருக்குது. நான் இருந்த எடத்துக்குக் கீழ நின்னுச்சே, அது வரல."

திரும்பி வரும் வழியில் ரயில் பாதையருகே அனந்தலக்ஷ்மியை நிறுத்தினேன். "அவர் தப்பாச் சொல்றாரா?" என்று கேட்டேன். "தெரியாது," என்றாள். "அடியில ஒரே எடத்துல மட்டுந்தான் இருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது." அவள் கைகளைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். அன்று நல்ல புழுக்கம்.

அந்த வருஷக் கடைசியில் ஒரு தனியார் கப்பலுக்குச் சமையல்காரர் தேவைப்பட்டது. கடலடியை அளந்து படமெடுக்கிற கப்பல், அந்தமான் கடலில்தான் வேலை. அனந்தலக்ஷ்மி வேறு யாரையாவது தெரியுமா என்று செங்கம்மாளிடம் கேட்டாள். மறுநாள் காத்தவராயனே வந்து நின்றார்.

"நான் போறேன் மேடம்."

"அங்கயேவா? உங்களுக்கு..."

"கப்பல்லதானே. கரையில எறங்க மாட்டேன்."

போனார். முதல் தடவை ஒரு மாதம், அடுத்த தடவை அதற்கும் மேல். கப்பலில் அவர் நன்றாகத் தூங்குவதாகப் போனில் சொன்னாராம். எஞ்சின் ஓடினாலும் நின்றாலும் அவருக்கு ஒன்றும் செய்யவில்லை. இப்போது வருஷத்தில் பெரும்பகுதி அவர் கடலில்தான். டெல்லிக்கு வந்தால் கொஞ்ச நாள் இருப்பார். கட்டில் கால்களுக்கு அடியில் டயர் ரப்பரை மடித்து வைத்துக்கொள்வார். அப்புறம் கிளம்பிவிடுவார். "தரைக்குப் பயந்துகிட்டுத் தண்ணியில குடித்தனம் பண்ணுது," என்று செங்கம்மாள் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொல்வாள். கோபமாகத்தான் சொல்வாள். ஆனால் கணவர் கப்பலுக்குக் கிளம்பிப் போன மறுநாள் அவள் முகத்தில் ஒரு தெளிவு இருக்கும், அதையும் பார்த்திருக்கிறேன்.

போன தடவை வந்தபோது அனந்தலக்ஷ்மிக்குக் கருவாடு கொண்டுவந்தார், அவள் சாப்பிட மாட்டாள் என்பது நினைவில்லாமல். வாசலில் வைத்தே பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கடலில் பயமாக இல்லையா என்று அவள் கேட்டாள்.

"அடியில என்னா நின்னாலும் நடுவுல அவ்ளோ தண்ணி இருக்குது மேடம். இங்க மாதிரியா? இங்க வெறும் தரைதானே."

கடலுக்கு அடியில் பூமியின் ஓடு மெல்லியது. டெல்லிக்குக் கீழே இருப்பதில் பாதிகூட அங்கே இராது. அனந்தலக்ஷ்மிக்கு அது படிப்பின் முதல் பாடம். சொல்ல வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, கருவாட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, "பாத்துப் போயிட்டு வாங்கோ," என்று மட்டும் சொன்னாளாம்.