அளவு ரவிக்கை

சென்ற வாரம் கோவில்பட்டித் துணிக்கடை ஒன்றின் இரண்டாம் மாடியில், உடுத்திப் பார்க்கும் அறைக்கு வெளியே, கைப்பைகள் இரண்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். உள்ளே என் தம்பி மகள். தை மாதம் அவளுக்குத் திருமணம். எத்தனையாவது ரவிக்கையோ, அதுவும் சேரவில்லை போலும்; கதவு சற்றே திறந்து முகம் மட்டும் வெளியே வந்தது.

"அத்தே, போன மாசம் இதே அளவு தொளதொளன்னு கெடந்துச்சு. இப்ப மூச்சு விட முடியல. கல்யாணத்தன்னைக்கு எந்த உடம்போட இருப்பேன்னு எனக்கே தெரியலயே, எதை நம்பி வாங்க?"

விற்பனைப் பெண் ஆறுதலாக, "இழுத்தா நீளுற துணி இருக்குக்கா, எடுத்துட்டு வாரேன்" என்று ஓடினாள். திறந்த கதவின் வழியே புதுப்பட்டின் மணம் வந்தது. மற்றவர்களுக்கு அது மங்கல மணம். எனக்கோ அதற்கு ஒரே பொருள்தான்: கை நுழையாத ரவிக்கை.

நான் தமிழாசிரியையாக வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் உடம்பும் நிலவைப்போல் வளர்ந்து தேயும் இயல்புடையதாக இருந்தது. இன்றைய மருத்துவர் ஏதேனும் ஒரு சுரப்பியின் பெயரைச் சொல்லியிருப்பார். அன்று 'உடம்புவாகு' என்ற ஒரு சொல்லோடு முடிந்தது. போதாததற்கு என் பக்தியும் ஒத்துழைத்தது. கழுகுமலை முருகனுக்குச் சஷ்டி விரதம் இருந்து இளைத்ததையெல்லாம் மார்கழி மாதத்துப் பிரசாதப் பொங்கல் வட்டியோடு திருப்பித் தந்துவிடும். பள்ளித் தாழ்வாரத்தில் என் தலை தெரிந்தால் மாணவியர், "ஏட்டி, பௌர்ணமி வருது!" என்று கிசுகிசுப்பார்கள். தேய்பிறைக் காலத்தில் அந்தப் பெயரை மாற்றும் நாகரிகம் அவர்களுக்கு இல்லை.

விடியலில் பாசுரம் ஓதும்போது, குறளாய் வந்து வானளாவ வளர்ந்து உலகை அளந்தவன் கதை வரும். மெய் சிலிர்க்க வேண்டிய அந்த இடத்தில் எனக்கு மட்டும் ஒரு குறும்பு ஐயம் தோன்றும். அந்தச் சிறு பிள்ளையின் அரையில் கட்டியிருந்த ஆடை என்ன ஆயிற்று? கிழிந்ததா, அவனோடு சேர்ந்து வளர்ந்ததா? வளர்ந்துதான் இருக்கும் என்று எனக்கு நானே விடை சொல்லிக்கொள்வேன். என் ரவிக்கைகளுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை.

இதில் சிரிக்க முடியாத பகுதியும் ஒன்று உண்டு. விளாத்திகுளம் பக்கமிருந்து ஒரு குடும்பம் சஷ்டி முடிந்த கையோடு என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிற்று. தை பிறந்ததும் உறுதி செய்ய வந்தார்கள். வந்த பெரியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "இது அக்காளா? அன்னைக்கு நாங்க பாத்தது தங்கச்சியவா?" என்றாள். என் பெற்றோருக்கு நான் ஒரே மகள். காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தவர்கள் பிறகு சொல்லியனுப்பவே இல்லை. அன்று முதல் என் அம்மா, கோடையில் கிணற்று நீரைப் பார்ப்பதுபோல் என் உடம்பை நாள்தோறும் எட்டிப் பார்க்கத் தொடங்கினாள். இன்னும் ஓரிடம் தட்டிப்போனால் அவள் தாங்கமாட்டாள் என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த இடம் கடம்பூரிலிருந்து வந்தது. வெற்றிலை பாக்கு மாற்றி முடித்த பின், மாப்பிள்ளையின் தாயார் அளவு ரவிக்கை கேட்டு வந்தார். முகூர்த்தப் பட்டும் அதற்கு ரவிக்கையும் மாப்பிள்ளை வீட்டுப் பொறுப்பு. தைப்பதற்கு அளவாகப் பெண்ணின் பழைய ரவிக்கை ஒன்றை வாங்கிப் போவார்கள். கொண்டு வந்த போளிப் பொட்டலத்தை அம்மா கையில் கொடுத்து, "நல்லா சேருத ரவிக்கையாப் பாத்துக் குடுங்க மதினி" என்றார்.

எந்த மாதம் சேருவதை என்று அவர் சொல்லவில்லை. அம்மா பெட்டியின் அடியிலிருந்து ஒன்றை உருவினாள். பிரித்தும் பிடித்தும், பிரித்தும் பிடித்தும் என் எல்லாப் பிறைகளையும் கண்ட ரவிக்கை அது. அப்போது அது தேய்பிறை அளவில் இருந்தது. நான் அம்மாவை அடுக்களைக்கு இழுத்துச் சென்று, "இது எனக்கு ஏறாதும்மா" என்றேன்.

"முகூர்த்தத்துக்குள்ள வத்திருவட்டி. வாயக் கட்டு, போதும்."

வாயைக் கட்ட ஊர் விடவில்லை. மணப்பெண்ணைச் சொந்தக்காரர் வீடுதோறும் அழைத்து விருந்து வைப்பது எங்கள் வழக்கம். இலையில் மிச்சம் வைத்தால் அந்த வீட்டுக்கு அவமதிப்பு. ஒரு சித்தி வீட்டுப் பாயசம், ஒரு மாமா வீட்டு வடை, எல்லா வீட்டிலும் போளி. கடலைமிட்டாயை யார் கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். அது நானே வாங்கியது.

முகூர்த்த நாளும் வந்தது. மணமேடையில் கூறைப்பட்டைத் தட்டோடு வாங்கிக்கொண்டு உள்ளே போய், அதை உடுத்தித் திரும்பிய பின்தான் தாலி ஏறும். அதாவது, அந்த ரவிக்கையை நான் முதன்முதலாகப் போட்டுப் பார்ப்பது, கெட்டிமேளத்துக்குச் சற்று முன்னே! ரவிக்கையின் கை என் முழங்கையைத் தாண்டவில்லை. அம்மா இழுத்தாள். நான் மூச்சை அடக்கினேன். வெளியே புரோகிதர், "பொண்ணை அழைச்சுண்டு வாங்கோ, நாழியாறது" என்றார். என் கண் முன்னே விளாத்திகுளத்தார் குடித்து வைத்த காப்பித் தம்ளர்கள் வரிசையாய் நின்றன.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்தது மாப்பிள்ளையின் தாயார். உள்ளே வந்து தாழ் போட்டார்.

"என்ன மதினி, மூஞ்சி செத்துப்போயி நிக்கிய?"

அம்மா உடைந்துவிட்டாள். "முகூர்த்தத்துக்குள்ள வத்திருவான்னு நெனச்சேன் மதினி."

"வத்துறதுக்கு அவ என்ன கம்மாயா?"

சிரித்துக்கொண்டே ரவிக்கையை வாங்கி உட்புறம் திருப்பினார். பக்கங்களிலும் கைகளிலும் தாராளமாகத் துணி மடிந்து கிடக்க, அதன்மேல் அடுத்தடுத்து மூன்று தையல்கள் ஓடின. தாலிக்கொடியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி முதல் தையலைக் கிழித்தார். கை ஓடிக்கொண்டிருக்கையிலேயே பேச்சும் ஓடியது.

"நீங்க குடுத்த அளவு ரவிக்கைய வெயிலுக்கு நேராத் தூக்கிப் பிடிச்சேன். பிரிச்ச தையலோட ஊசி ஓட்டையெல்லாம் நட்சத்திரம் கணக்கா வரிசைவரிசையாத் தெரிஞ்சுது. சரி, பிள்ளைக்குக் கரிசக்காட்டு உடம்பு, மழைக்கு உப்பும், வெயிலுக்கு ஒடுங்கும்னு புரிஞ்சுக்கிட்டேன். டெய்லர்ட்ட மூணு தையல் போடச் சொன்னேன்."

"எல்லாம் தெரிஞ்சா அத்தை..." என்றேன்.

"தெரிஞ்சுதாம்ட்டி பட்டு எடுத்தோம். கையத் தூக்கு."

இரண்டாம் தையலையும் பிரித்ததும் ரவிக்கை என்னை ஏற்றுக்கொண்டது. "இன்னும் ஒண்ணு கெடக்கு. பிள்ள குட்டின்னு ஆனப்பொறவு பிரிச்சுக்கிடலாம்" என்று ஊக்கை மீண்டும் தாலிக்கொடியில் மாட்டிக்கொண்டார். நான் மேடைக்கு நடந்தேன். நாயனம் ஒலித்தது, பூ விழுந்தது, தாலி ஏறியது. எதுவும் எனக்குச் சரியாக நினைவில்லை. உள்ளம் முழுவதும் ஒரே வியப்பு. என் வளர்பிறையும் தேய்பிறையும் நான் சொல்லாமலே ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது; தெரிந்த பின்னும் அவர் என்னை ஒதுக்கிவிடவில்லை, துணியைக் கூடுதலாக விட்டிருக்கிறார். இறைவனின் அருளைப் பற்றி எத்தனையோ ஓதியிருக்கிறேன். அதன் அகலம் எவ்வளவு என்று அன்று விலாப்புறத்தில் தொட்டுப் பார்த்தேன்.

இப்போது அளவு ரவிக்கை கேட்டு யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. பெண்ணே கடைக்குச் சென்று, தாழிட்ட அறைக்குள் தனக்குப் பிடித்ததைப் போட்டுப் பார்க்கிறாள். நல்லதுதான், தன் உடம்பைப் பற்றி அவள் எவருக்கும் விடை சொல்ல வேண்டியதில்லை. ஊசித் துளை விழாத துணிகளும் வந்துவிட்டன. என் மாமியார் கண்மூடியும் ஆண்டுகள் பலவாயின. கடம்பூர் வீட்டு முற்றத்தில், முன்பின் பழகாத ஒரு பெண்ணின் பழைய ரவிக்கையை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, அதன் துளைகள் வழியே அவளை முழுவதும் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்துக்கொண்ட கண்கள் அவை.