மல்லாபூரிலிருந்து திருமுல்கேரி வரை, கேமரா வைத்த வண்டியில்

2012 கடைசியில், குளிர் ஆரம்பித்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மோட்டார் சைக்கிளில் கேமரா பொருத்திக்கொண்டு, செகந்திராபாத் பக்கம் இருக்கும் மல்லாபூரிலிருந்து திருமுல்கேரிக்குப் போய் வந்தேன். போக பதினேழு கிலோமீட்டர், வர பதினேழு. இதெல்லாம் ஒரு பயணமா என்று கேட்பீர்கள். வண்டி என்னிடம் இருக்குமா, விற்கப்படுமா என்பது அந்த ஒரு நாளில்தான் முடிவாக இருந்தது. அதனால் எனக்கு இது பெரிய பயணம்.

முந்தின மாதம், திருமுல்கேரியில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது ஒரு ஆட்டோ பின்னால் இடித்துவிட்டது. முட்டியில் நாலு தையல். ஹைடெக் சிட்டியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மகன் முரளி, "அறுபத்தொன்பது வயசுக்கு பஸ்ஸுல போங்கப்பா. வண்டிய வித்துடலாம்" என்றான்.

"அவன்தான்டா இடிச்சான். நான் என் பாட்டுக்குப் போயிட்டிருந்தேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

கேமரா வைக்கிறேன், நீயே பார்த்துக்கொள் என்றேன். சரி என்றான். தப்பு என் பக்கம் இருந்தால் இரண்டு சாவியும் அவனிடம். இதுதான் ஒப்பந்தம்.

சனிக்கிழமை கோட்டியில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் சந்துக்குப் போனேன். காரில் வைக்கும் கேமராதான், 2,400 ரூபாய். மெமரி கார்டு 350. வண்டி பேட்டரி பன்னிரண்டு வோல்ட், கேமராவுக்கு ஐந்துதான் வேண்டும். அதைக் குறைத்துக் கொடுக்கும் சின்னப் பெட்டி 220. ஃபியூஸ் 30. பொருத்துகிற வேலையை நானே செய்துகொண்டேன். முப்பத்து நாலு வருடம் ரயில் பெட்டிகளுக்கு விளக்கும் விசிறியும் மாட்டியவன் நான். அந்தக் காலத்தில் ஒயரின் நிறத்தைப் பார்த்தே வேலை செய்தேன். இப்போது கேமரா டப்பாவில் இருந்த எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வேலை செய்தேன். தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. என் மனைவி ராஜம்மாதான் வாத்தியார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து எட்டே முக்காலுக்கு முடித்தேன். ஹேண்டில் பாரில் கிளாம்ப் போட்டு, அடியில் சைக்கிள் டியூப் துண்டு வைத்துக் கேமராவை இறுக்கினேன். ஒயரைப் பெட்ரோல் டாங்குக்கு அடியில் கொண்டுபோய் நேராகப் பேட்டரியில் கொடுத்தேன். அது எவ்வளவு பெரிய பிசகு என்று அப்போது தெரியவில்லை.

ஒன்பது மணிக்குக் கிளம்பினேன். நாச்சாரம் தாண்டி ஹப்சிகுடா சிக்னல் ஒன்பது பதினைந்துக்கு. மஞ்சள் விழுந்ததுமே நின்றுவிட்டேன். பின்னால் இருந்தவர் ஹாரன் அடித்தார். அடிக்கட்டும், முரளி பார்ப்பானே. தார்னாகா, செகந்திராபாத் வழியாகத் தங்கை வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது ஒன்பது ஐம்பத்தைந்து. கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. வண்டிக்குக் காவலாயிற்று என்று சந்தோஷமாக உள்ளே போனேன்.

சாப்பிட்டு முடித்து இரண்டு மணிக்குக் கிக்கரை உதைத்தால் அசைவே இல்லை. என் வண்டிக்குப் பேட்டரி இறங்கினால் கிக்கரும் பிரயோஜனப்படாது. தங்கை கணவர், "மச்சான், கேமராவே வண்டிய சாப்பிட்டுடுச்சு போல" என்று சிரித்தார். தள்ளிக்கொண்டு அரை கிலோமீட்டர் நடந்தோம். மெக்கானிக் சலீம் சீட்டைக் கழற்றிப் பார்த்ததும் தலையில் கை வைத்தார்.

"கைக்கு சாச்சா, டைரெக்ட் பேட்டரிக்கு கைக்கு?"

ஏன் நேராகக் கொடுத்தீர்கள் என்கிறார். ரயில் பெட்டி ஸ்டேஷனில் நின்றாலும் விளக்கு எரிய வேண்டும், அதனால் அங்கே நேராகப் பேட்டரியில்தான் கொடுப்போம் என்றேன்.

"ஹவ், ரயில் பேட்டரி எருமை சைஸு. இது முயல் குட்டி. டைரெக்ட் நக்கோ." ஆமாம், ஆனால் இதற்கு நேராக வேண்டாம் என்கிறார்.

சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஹாரன் ஒயரை டெஸ்ட் லாம்ப் வைத்துக் கண்டுபிடித்து, அதில் இணைத்தார். நடுவில் ஃபியூஸ். சாவியைத் திருப்பினால் கேமரா எரிகிறது, அணைத்தால் அணைகிறது. பேட்டரி சார்ஜ் ஆக ஒன்றரை மணி நேரம். கூலி, சார்ஜ் எல்லாம் சேர்த்து 120 ரூபாய், நடுவில் ஒரு டீ அவர் கணக்கு.

நாலு மணிக்குத் திரும்பினேன். திருமுல்கேரியிலிருந்து இரண்டு கிலோமீட்டரில், இடது கைப் பக்கம் ஒரு சின்ன முருகன் கோயில் வரும். அதன் வாசலில் தமிழில் ஒரு பலகை. நான் போகும் வழி முழுவதிலும் எனக்குப் படிக்கத் தெரிந்த எழுத்தில் இருப்பது அது ஒன்றுதான். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு வரியாவது படித்துவிடுவேன். அன்றும் படித்தேன். நாலு ஐம்பதுக்கு வீடு.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் முரளி கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டான். கார்டு நிறைந்ததும் பழையதை அழித்துக்கொண்டே போகுமாம். காலையில் நான் போன அழகு முழுக்க அழிந்துபோயிருந்தது. மிச்சம் இருந்தது தங்கை வீட்டு கேட்டும், அதை வந்து நக்கிய ஒரு பசுவும். "நல்லா ஓட்டுதுங்க மாமா, அந்தப் பசு" என்றாள் மருமகள் ஸ்வப்னா.

பிறகு நாலு மணிப் படம் வந்தது. சலீம் கடை, சாலை, எல்லாம் ஒழுங்கு. கோயில் வந்தது. படத்தில் சாலை மெதுவாகி, மெதுவாகி, கிட்டத்தட்ட நின்றேவிட்டது. நடந்து போன ஒரு அம்மா என்னைத் தாண்டிப் போனார். இன்ஜின் சத்தத்துக்கு நடுவில் என் குரல் கேட்டது: "அ... ரு... ள்... மி... கு..." பின்னால் ஹாரன் மேல் ஹாரன். யாரோ கத்துகிறார்: "தாத்தா! நடு ரோட்ல எந்துக்கு ஆகினவ்?" நடு ரோட்டில் ஏன் நின்றாய் என்று. சத்தியமாக, ஓட்டும்போது அந்த ஹாரனும் அந்தக் குரலும் என் காதில் விழவே இல்லை.

முரளி என்னைத் திரும்பிப் பார்த்தான். "அப்பா, போன மாசம் ஆட்டோ எங்க இடிச்சுது?"

அதே இடம்தான்.

"மனுஷன் நடு ரோட்டுல பரீட்சை எழுதறாரு" என்றாள் ராஜம்மா. நான் எழுந்து போய் இரண்டு சாவியையும் கொண்டுவந்து மேஜையில் வைத்தேன். "தப்பு என் மேலதான்டா. அந்த ஆட்டோக்காரர வேற திட்டிட்டேன்" என்றேன். அவர் யார் என்று தெரிந்தால் இன்றைக்கும் மன்னிப்புக் கேட்பேன்.

முரளி சாவிகளைக் கையில் எடுத்தான். "தப்பு என் மேலன்னு நீங்க சொல்லி இப்பதான் கேக்கறேன்" என்றான். அப்புறம் ஒன்றைத் தன் பையில் போட்டுக்கொண்டு, மற்றதை என் பக்கம் தள்ளினான். "போர்டு படிக்கணும்னா இண்டிகேட்டர் போட்டு, ஓரங்கட்டி, வண்டிய அணைச்சுட்டுப் படிங்க. கேமரா இருக்கட்டும்."

கேமரா வைக்க நினைப்பவர்களுக்கு: நேராகப் பேட்டரியில் கொடுக்காதீர்கள். சாவியோடு சேர்ந்து அணைகிற ஒயரில் கொடுங்கள், ஃபியூஸ் இல்லாமல் வேண்டாம். ஒயரை ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள், இல்லாவிட்டால் வளைவில் இழுக்கும். வீட்டுக்கு வந்ததும் கார்டை எடுத்துவிடுங்கள். படத்தைத் தனியாகப் பார்க்காமல் வீட்டாரோடு உட்கார்ந்து பாருங்கள்.

அடுத்த ஞாயிறு இண்டிகேட்டர் போட்டு, கோயில் வாசலில் ஓரங்கட்டி, வண்டியை அணைத்தேன். முதல் தடவையாகப் பலகையை முழுக்கப் படித்தேன். கோயில் பெயர், நடை திறக்கும் நேரம், கிருத்திகை அபிஷேகம், எல்லாம் படித்துக் கடைசி வரிக்கு வந்தேன். "வாசலில் வண்டிகளை நிறுத்தாதீர்கள்."

சாவியோடு கேமராவும் அணைந்திருந்தது, நல்லவேளை.