ரகிய்யாவின் மணிக்கூலி

மொராக்கோவில் எங்கள் செஃப்ரூ ஊரில் கல்யாண வீடு என்றால் முதலில் ரகிய்யாவுக்குத்தான் ஆள் போகும். ரவையில் தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் உருட்டி, சலித்து, நாற்பது கிலோ கூஸ்கூஸ் செய்ய நான்கு நாள். கூலி என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், அது அவமரியாதை. நீலத் தாள் சுற்றிய ஆறு சர்க்கரைக் கூம்புகள் தருவார்கள். ரகிய்யாவுக்கோ சர்க்கரை வியாதி. கல்யாண வீட்டார் பதினைந்து திர்ஹமுக்கு வாங்கிய கூம்பை அவள் அதே கடையில் பதினொன்றுக்கு விற்பாள். அவளுடைய உழைப்பில் தவறாமல் லாபம் பார்த்தவர் கடைக்காரர்தான். அவர் ரவையைத் தொட்டதே இல்லை.

போன வசந்தத்தில் மகளிர் மன்றத்தில் தொழில் பயிற்சி நடந்தது. “உங்க ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை?” என்று கேட்டாள் பாடம் நடத்திய பெண். (அவளுக்கே சம்பளம் கிடையாது என்பது வேறு கதை.) ரகிய்யாவுக்கு எழுத்து வராது, கணக்கு வரும். மணிக்கு இரண்டு திர்ஹம்கூடத் தேறவில்லை. பேருந்து நிலையக் கழிவறைக்கே இரண்டு கொடுக்க வேண்டும்.

அடுத்த கல்யாணம் ஹாஜியம்மா ஸுஹூர் வீட்டில்.

“நாலு நாள், நாளுக்கு ஒம்பது மணி நேரம். நானூறு திர்ஹம், ஹாஜியம்மா. சர்க்கரை வேணாம்.”

“என்னடி, எங்கிட்டயே கூலியா? நாம என்ன அந்நியமா?”

“அந்நியமா இருந்தா ஐந்நூறு கேட்டிருப்பேன்.”

“நீ இல்லேன்னா கூஸ்கூஸ் உருட்ட அந்த இத்தோ இருக்கா, போ!”

வீட்டில் கணவன் மிலூத் தலையில் கைவைத்தான். “அந்த வீட்டைப் பகைச்சுக்கிட்டா இனி ஊர்ல ஒருத்தரும் உன்னக் கூப்பிட மாட்டாங்க.”

“கூப்பிடாட்டி போகட்டும். கையாவது வலிக்காம இருக்கும்.”

இத்தோவும் அந்தப் பயிற்சிக்குப் போனவள்தான். கடைசி வரிசையில் தூங்கினாள் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். அவள் நானூற்றைம்பது கேட்டாள்.

கல்யாணத்துக்கு ஐந்தே நாள். ஹாஜியம்மா ரகிய்யா வீட்டுக்கே நேரில் வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டே இருநூறு முன்பணம் நீட்டினார். மறுநாள் காலை எட்டு மணிக்கு ரகிய்யாவின் எதிரே கடிகாரத்தோடு உட்கார்ந்தார். கொடுத்த காசுக்கு ஒரு நிமிடமும் குறையக் கூடாதாம்.

ஐந்தடித்தது. ரகிய்யா எழுந்து கைகழுவினாள்.

“எங்கடி கிளம்பிட்டே? எப்பவும் பாத்திரமும் தேய்ச்சுக் குடுத்துட்டுத்தானே போவே?”

“ஒம்பது மணி நேரம் ஆயிடுச்சு, ஹாஜியம்மா. பாத்திரத்துக்கு இன்னும் விலை பேசல.”